லூராவின் இரண்டு கால்கள்

வீகோ துறைமுகம். காலை நாலு பத்து.
ஏலக்கூடத்தில் விலைப்பலகை உறைந்து நிற்கிறது
கிலோ ஆறு யூரோ நாற்பது என்று.
கீழே ஈரத் தரையில் ரப்பர் பூட்சுகள்,
பெட்டி பெட்டியாக வாய் பிளந்த மெர்லூசா.
தொரிந்தா மைக்கை அணைத்துவிட்டு
கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்க்கிறாள்.
அந்தப் பார்வைக்குக் கையேடு கிடையாது.

பலகைக்கு விலை சொல்லித்தரும் சர்வருக்கு
லூரா என்று பெயர். கணவாய்.
எனக்கு முன்னிருந்த ஷூர்ஷோ வைத்தது.
கடல் கணவாய்க்குப் பத்துக் கை.
இதற்கு இரண்டே கேபிள்.
ஒன்று போனால் மற்றது தாங்கும்,
இரண்டையும் ஒரே குழுவில் கட்டியிருக்கிறோம்
என்று மூன்று வருடமாகக் கூட்டங்களில்
நானே சொல்லியிருக்கிறேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

லாக்கைத் திறந்தேன்.
பூஜ்யம் செத்தது. முகவரி ஒன்றுக்குப் போனது.
ஒன்று செத்தது. முகவரி பூஜ்யத்துக்கு வந்தது.
பூஜ்யம் பிழைத்தது. ஒன்று பிழைத்தது.
பூஜ்யம் செத்தது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்,
இது எந்தக் காலையும் எதிலும் ஊன்றவில்லை.

கேபிளை மாற்றினேன். சுவிட்சில் துளையை மாற்றினேன்.
இரண்டு அட்டைக்கும் ஒரே அடையாள எண்ணோ என்று பார்த்தேன்.
இல்லை, ஆளுக்கொரு முகம்.
குழுவின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.
இரண்டு கோப்பிலும் ஒரே பெயர்.
பச்சை விளக்குகள் இரண்டும்
ஒன்றுமறியாத பிள்ளைகள் போல் மினுங்கின.

பிறகுதான் கேட்கத் தோன்றியது:
செத்ததென்று யார் சொன்னது?

லூராவேதான்.
ஒவ்வொரு காலாலும் ஓயாமல்
எதிரே இருக்கும் ரூட்டரைத் தட்டி
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்கும்.
தொடர்ந்து ஐந்து தரம் பதில் வராவிட்டால்
ரூட்டர் செத்தது என்று அது நினைப்பதில்லை.
நான் செத்தேன்
என்று எழுதிக்கொள்கிறது.

நேற்று மாலை ரூட்டரை மாற்றியவன் அமாரோ.
போனில் தூக்கக் குரல்.
"வாயை நான்தான் அடக்கினேன், பாதுகாப்புக்கு.
பத்துப் பேர் பிங் பண்ணினால் மூன்று பேருக்குச் சொல்லும்.
தெரியாதவன் கூப்பிட்டால் பேசாதே என்று
மகளிடம் சொல்வதைத்தான் இதனிடமும் சொன்னேன்."
லூரா தெரியாதவளா, அமாரோ?
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"பட்டியலில் இல்லையே."

மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டுக்குச் சரி.
இங்கே அது இறப்புச் சான்றிதழ்.

நாலு முப்பத்தேழு.
விசாரிப்பதற்கு வேறு மூன்று பேரைக்
கைப்பட எழுதிக் கொடுத்தேன்:
ஐஸ் ஆலையின் எடைமேடை,
சுங்க அறையின் அச்சுப்பொறி,
படகுகள் வரும் நேரத்தைக் குறிக்கும் ஒரு பழைய பெட்டி.
பெரிய மனிதர்கள் இல்லை.
கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்பவர்கள்.

கோப்பின் அடியில் ஷூர்ஷோவின் குறிப்பு ஒன்று கிடந்தது:
வேலை செய்கிறது. ஏனென்று தெரியவில்லை. தொடாதே.
நடு வாக்கியத்தை மட்டும் அழித்தேன்.

பத்து நொடி. இருபது. லாக்கில் புது வரி இல்லை.
பலகை அசைந்தது. ஆறு முப்பத்தைந்து, ஆறு முப்பது,
யாரோ பொத்தானை அழுத்த, நின்றது. விற்றது.

வீட்டுக்குப் போயிருக்கலாம்.
ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே
அடுக்கின் பின்னால் குனிந்து
பூஜ்யத்தின் கேபிளைப் பிடுங்கினேன்.
மூச்சு விடாமல் எண்ணினேன்.
கண்ணாடிக்கு அப்பால் விலை இறங்கியது,
தொரிந்தாவின் குரல் இறங்கவில்லை,
ஒருவரும் தலை நிமிரவில்லை.

கையில் நீல விலாங்கு மாதிரி
தொங்கிக்கொண்டிருந்தது கேபிள்.
திரும்பச் செருக மனமில்லாமல்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.